ஹாட் ராடில் வி-12: ஜாகுவார் இன்ஜினை ஏற்றப் போகிறவர்களுக்கு

பழைய காரில் வேறு பெரிய இன்ஜினை ஏற்றி மாற்றிக் கட்டிய வண்டிதான் ஹாட் ராட். அப்படிக் கட்டிய 1932 ஃபோர்டின் பானெட்டைத் தூக்கினால் எட்டு சிலிண்டர் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரிசைக்கு ஆறாகப் பன்னிரண்டு சிலிண்டர் உள்ள வி-12இன் பன்னிரண்டு பிளக் வயரைப் பார்த்ததும் வாய்க்குள்ளேயே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, நானும் அப்படித்தான் போனேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இருக்கும் பயம், இவ்வளவு நீளமான இன்ஜின் உள்ளே நுழையுமா என்பது. நுழையும். வெட்டவும் ஒட்டவும் கை இருந்தால் எதையும் நுழைத்துவிடலாம். நுழைந்த பிறகு கொதிக்காமல் ஓடுமா என்பதுதான் கேள்வி. நான் பார்த்த வரையில் பாதியில் நின்றுபோன வி-12 வண்டிகளில் பெரும்பாலானவை சூட்டில் தோற்றவைதான். அதனால் கீழே இடம் குறிக்கும் வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். ரேடியேட்டரில் தொடங்கி இன்ஜினுக்கு வருவோம்.

எந்த வி-12?

ஹாட் ராட் மரபோடு ஒட்டியது லிங்கன்-செஃபிர் இன்ஜின். 1936 முதல் 1948 வரை செய்தார்கள். முதலில் 267 கன அங்குலம், அதாவது 4.4 லிட்டர், 110 குதிரைத்திறன். வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி-8க்கு அண்ணன் மாதிரி இருக்கும், அழகோ அழகு. ஆனால் அதிலும் புகை போகும் வழி பிளாக்குக்கு உள்ளேயே ஓடுவதால் தண்ணீர் சூடாகும், ஆயிலில் சகதி சேரும். அந்தக் காலத்திலேயே பலர் அதை இறக்கிவிட்டு வி-8 ஏற்றிக்கொண்டார்கள். முதல் வண்டிக்கு வேண்டாம்.

1960களில் வந்த ஜிஎம்சி 702 லாரி இன்ஜின் 11.5 லிட்டர், எடை ஏறக்குறைய 680 கிலோ, சக்தி 275 குதிரை. பழைய லாரி கேபினை வைத்துக் கட்டுகிறவர்களுக்கு அது சரி. சின்ன ஃபோர்டின் மூக்கில் வைத்தால் வண்டி குப்புற விழுந்த மாதிரி நிற்கும். 28 லிட்டர் ஆலிசன் விமான இன்ஜினைக் காரில் ஏற்றியவர்களும் உண்டு, அது வேறு உலகம். 1987இல் வந்த பிஎம்டபிள்யூ எம்70 அருமையான இன்ஜின்: 5 லிட்டர், 300 குதிரை. ஆனால் ஒவ்வொரு ஆறு சிலிண்டருக்கும் தனி கம்ப்யூட்டர், தனி த்ராட்டில், அந்த த்ராட்டிலையும் இழுப்பது கேபிள் இல்லை, மோட்டார். வயரிங்கில் கை தேர்ந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது ஜாகுவார். 1971இல் இ-டைப் மூன்றாம் சீரிஸில் அறிமுகமாகி 1997 வரை தயாரிப்பில் இருந்தது. 5.3 லிட்டர், 60 டிகிரி வி, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். எடை 300 கிலோவுக்குச் சற்று மேல், இந்த அளவு இன்ஜினுக்கு அது அதிகமில்லை. த்ராட்டில் சாதாரணக் கேபிள். 1977 முதல் 1990களின் தொடக்கம் வரை வந்தவற்றில் அமெரிக்க ஜிஎம்மின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக், டர்போ ஹைட்ராமாட்டிக் 400. அதற்குக் கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு வாக்குவம் குழாய், ஒரு கிக்டவுன் வயர், அவ்வளவுதான். புதியவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் படி: இன்ஜின் வாங்காதீர்கள், கார் வாங்குங்கள்

மரப்பலகையில் கட்டி வைத்த இன்ஜின் மலிவாகக் கிடைக்கும். விட்டுவிடுங்கள். இந்த இன்ஜினோடு வந்த ஜாகுவார் கார்களான எக்ஸ்ஜே-எஸ் அல்லது எக்ஸ்ஜே12, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை முழுசாக வாங்குவதுதான் லாபம். உடம்பு துருப்பிடித்து உதவாமல் போயிருந்தால் இன்னும் நல்லது, விலை குறையும். வயரிங், பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர், பிராக்கெட், எங்கே போனது என்று பிறகு தேட முடியாத நாற்பது வகை போல்ட், எல்லாம் அதோடு வந்துவிடும். பின் ஆக்சிலும் வரும். ஜாகுவாரின் பின்பக்க இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனை 1960களிலிருந்தே ஹாட் ராட்காரர்கள் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இருக்காது, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். பார்க்க நகை மாதிரி இருக்கும். அந்தப் பிரேக்கின் சூடு டிஃபரன்ஷியல் ஆயில் சீலைத் தாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1981இல் ஹெச்இ என்ற வகை வந்தது. எரியறையின் வடிவத்தை மாற்றி, கம்ப்ரஷன் விகிதத்தை 12.5க்கு உயர்த்தி, பெட்ரோல் செலவைக் குறைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போனவற்றில் 11.5. கிடைப்பதில் இதுதான் அதிகம். பிற்காலத்து மரெல்லி இக்னிஷன் உள்ளவற்றில் ரோட்டார் பழுதானால் ஒரு பக்கத்து ஆறு சிலிண்டரும் எரியாமல் நின்றுவிடும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்த் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்டதை வாங்கினால் இக்னிஷனை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்கும் முன் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நிறுத்திய பிறகும் சூட்டு முள்ளைப் பாருங்கள். ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் பச்சையோ நீலமோ தெளிவாக இருக்க வேண்டும். டீ நிறத்தில் இருந்தால் உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. இந்த இன்ஜின் ஒருமுறை நன்றாகக் கொதித்திருந்தால் வால்வு சீட் ஹெட்டிலிருந்து கழன்று விழும் ஆபத்து உண்டு. ஹெட்டைக் கழற்றலாம் என்றால், ஸ்டட்கள் அலுமினியத்தோடு அரித்து ஒட்டிப் போயிருக்கும். நாள்கணக்கில் ஆப்பு அடித்தும் வராத ஹெட்டுகள் உண்டு.

பன்னிரண்டுக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ஹெச்இயில் எண் பெரிதாக வரும், மிரள வேண்டாம். பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் விஷயம். முன்வரிசை பிளக்குகள் ஏசி கம்ப்ரசருக்கு அடியில் ஒளிந்திருக்கும். நான் இங்கிலாந்தில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து வாங்கிய எக்ஸ்ஜே-எஸ்ஸில் பதினொரு பிளக் புத்தம்புதுசு. கம்ப்ரசருக்கு அடியில் கையே நுழையாத இடத்தில் இருந்த ஒன்று மட்டும் வேறு கம்பெனி, முனை தேய்ந்து வட்டமாகியிருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் பன்னிரண்டு மாற்றியதாக முத்திரை இருந்தது.

இரண்டாம் படி: இறக்குவது

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தூக்குங்கள். இரண்டும் சேர்ந்து 350 கிலோவைத் தாண்டும். கிரேனில் ஒரு டன் என்று எழுதியிருப்பது கையை முழுக்க உள்ளே இழுத்திருக்கும்போது. கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் படம் எடுத்து, துணிநாடாவில் பெயர் எழுதிக் கட்டுங்கள். வயரை வெட்டவே வேண்டாம். இந்தப் படியில் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூன்றாம் படி: வி-யைச் சுத்தம் செய்வது

இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைத்தான் வி என்கிறோம். ஜாகுவாரில் டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் குழாய், ஏசி கம்ப்ரசர் எல்லாம் இங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். காற்றுப் போக வழியில்லை. பல வருடம் அந்தச் சூட்டில் வெந்த ரப்பரை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். எங்கள் இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் போகும் ஹோஸை விரலால் லேசாக மடக்கினேன். பழைய முறுக்கு மாதிரி பொடிந்து கையோடு வந்தது. அதன் வழியாகத்தான் முந்தின வாரம் இரண்டரை பார் அழுத்தத்தில் பெட்ரோல் ஓடியது. இந்த இன்ஜின்கள் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஒன்றைக்கூட விட்டுவைக்க வேண்டாம். இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்றே செய்த ஹோஸ் வாங்கி அத்தனையும் மாற்றுங்கள்.

ஏசி கம்ப்ரசரைக் கழற்றிவிடுங்கள். ஹாட் ராடுக்கு அது தேவையில்லை, வி-க்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். உள்ளே வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் இருக்கும். அதன் கிரீஸ் சூட்டில் காய்ந்து பிசினாகி, எடைகள் அசையாமல் இறுகிவிடும். டைமிங் பின்தங்கினால் புகைக்குழாய் சிவக்கச் சிவக்கச் சூடாகும். ரேடியேட்டர் சரியில்லை என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்கள் பலர் உண்மையில் இந்தக் காய்ந்த கிரீஸோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டால் தீர்ந்தது.

பிளாக்கின் பின்புறம் வண்டல் படியும். தண்ணீர் வடிக்கும் பிளக்கைத் திறந்து, கம்பியால் கிளறி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். தண்ணீர் பம்ப் புதிது, தெர்மோஸ்டாட் புதிது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தெர்மோஸ்டாட் உண்டு, ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். டைமிங் செயின் டென்ஷனரை மட்டும் தொட வேண்டாம். அது வில் போல வளைந்த பிளாஸ்டிக் பட்டை, வயதானால் பட்டென்று உடையும். உடைந்தால் முன் கவரைப் பிரிக்க வேண்டிவரும். அதைத் தளர்த்தத் தனிக் கருவி உண்டு, கேம்ஷாஃப்ட்டைக் கழற்றும் தேவை வரும்போது அதை வாங்கிக்கொள்ளலாம்.

நான்காம் படி: இடம் குறிப்பது

இங்கேதான் பெரும்பாலானோர் அவசரப்படுவது. இன்ஜினைச் சேஸியில் இறக்கி, ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலிருக்கும் தடுப்புத் தகடு) ஒட்டித் தள்ளி, மவுண்ட் வைத்து, கடைசியில் முன்னால் மிச்சமிருக்கும் இடத்தில் ரேடியேட்டரைச் செருகுவார்கள். விரல் நுழையாத இடைவெளிதான் மிஞ்சும்.

முன்னாலிருந்து பின்னால் வாருங்கள். முதலில் கிரில் ஷெல். அதற்குப் பின்னால் ரேடியேட்டர், பிறகு ஷ்ரவுடோடு (ஃபேனைச் சுற்றிக் காற்றை ரேடியேட்டர் முழுக்க இழுக்க வைக்கும் உறை) சேர்ந்த மின் ஃபேன், பிறகு கிராங்க் புல்லிக்கு முன் குறைந்தது ஓர் அங்குலம். அங்கிருந்து இன்ஜின் தொடங்குகிறது. அது எங்கே முடிகிறதோ அங்கே ஃபயர்வாலை வெட்டிப் பின்னால் தள்ளுங்கள். வழக்கமான வி-8இல் வரிசைக்கு நான்கு சிலிண்டர், இதில் ஆறு. அதாவது ஏறக்குறைய ஒரு சாண் நீளம் கூடுதல். 1932 ஃபோர்டின் வீல்பேஸ் 106 அங்குலம்தான். அந்தச் சாணை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்று பானெட் நீளும், இல்லை உங்கள் கால் மடங்கும். வெட்டுவதற்கு முன்பே சீட்டைத் தரையில் வைத்து, காலை நீட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். எடை பின்னால் போவது ஸ்டீயரிங்குக்கும் நல்லதுதான்.

அசல் இன்ஜினை ஏற்றி இறக்கிப் பார்ப்பது முதுகைக் கொல்லும். அட்டையிலும் பிளைவுட்டிலும் அதே அளவுக்கு ஒரு பொம்மை செய்துகொள்ளுங்கள். சம்பின் ஆழம், மேனிஃபோல்டின் அகலம், ஸ்டார்ட்டர், ஆயில் ஃபில்டர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றி வெளியே எடுக்க இடமிருக்கிறதா? ஸ்டீயரிங் தண்டு எந்த வழியாக வரும்? வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் அது வலது புகைக்குழாயை உரசிக்கொண்டுதான் போகும். இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டு வளைத்து, நடுவில் தகட்டுத் தடுப்பு வைக்க இப்போதே இடம் குறித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மவுண்ட்

சேஸி சக்கரத்தில் நிற்கும் உயரத்திலேயே மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, நடுக்கோட்டைத் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். இன்ஜினின் வால் மூன்று டிகிரி கீழே சாய்ந்திருக்கட்டும். டிஃபரன்ஷியல் மூக்கும் அதற்கு இணையாக இருந்தால் ஷாஃப்ட்டின் இரண்டு ஜாயிண்ட்டும் ஒன்றின் குலுக்கலை ஒன்று அடக்கிக்கொள்ளும்.

சேஸியின் பக்கச் சட்டம் திறந்த ‘ப’ வடிவமாக இருந்தால் உள்பக்கம் தகடு வைத்துப் பெட்டியாக மூடுங்கள். பிறகுதான் மவுண்ட் பிராக்கெட். முதலில் அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி டேக் வெல்டிங் மட்டும். ரேடியேட்டர், ஸ்டீயரிங், பெடல், புகைக்குழாய் எல்லாம் மாட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி இறக்கிய பிறகே முழு வெல்டிங். அசல் ஜாகுவார் ரப்பர் மவுண்டையே பயன்படுத்தலாம். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் போல்ட்டில் கழல வேண்டும், வெல்ட் செய்துவிட்டால் அடுத்த முறை கியர்பாக்ஸை இறக்க ரம்பமும் அரமும் வேண்டியிருக்கும். சேஸி வெல்டிங்கில் உங்களுக்கே உங்கள் கையில் நம்பிக்கை இல்லையென்றால் வெல்டரைக் கூப்பிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆறாம் படி: சூட்டை வெளியேற்றுவது

எக்ஸ்ஜே-எஸ்ஸின் ரேடியேட்டர் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். 1932 ஃபோர்டின் கிரில்லோ ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருக்கும். பழையது பொருந்தாது. ஷெல்லின் அளவுக்குத் தடிமனான அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைச் சொல்லிச் செய்வதுதான் வழி. இந்தச் செலவில் கை வைக்காதீர்கள், குரோம் முலாமில் வையுங்கள்.

ஃபேனுக்கு ஷ்ரவுட் இல்லையென்றால் அது தனக்கு நேரெதிரே இருக்கும் வட்டத்தை மட்டும்தான் குளிர்விக்கும். மூலைகள் சும்மா கிடக்கும். அதோடு, உள்ளே வரும் காற்றைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள், வெளியே போகும் காற்றை மறந்துவிடுகிறார்கள். பானெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் ஹாட் ராட் வழக்கம் இங்கே கைகொடுக்கும். தகடு வேண்டுமென்றால் காற்று வெளியேற நிறைய லூவர் (சாய்ந்த வெட்டுத் துளை) அடியுங்கள்.

தண்ணீர் 20 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், காற்று சிக்கிக்கொள்ள மூலைமுடுக்கும் நிறைய. தண்ணீரை நிரப்பும் ஹெடர் டேங்க்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு தெர்மோஸ்டாட் வீட்டிலிருந்தும் அதற்குக் காற்று போக மெல்லிய குழாய் விடுங்கள். நிரப்பும்போது வண்டியின் மூக்கை ஜாக்கியில் தூக்கி, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் பிசைந்துவிடுங்கள். காற்றுக் குமிழி ஹெட்டில் தங்கினால் முள் நடுவில் நிற்கும்போதே உள்ளே ஓரிடம் வெந்துகொண்டிருக்கும்.

இன்ஜின் ஆயிலுக்கு ஒரு கூலர், கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒன்று. இரண்டையும் ரேடியேட்டருக்கு முன்னால் அடுக்காமல் ஓரமாக எங்காவது வையுங்கள்.

ஏழாம் படி: தீப்பொறியும் பெட்ரோலும்

அசல் இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ஜே-எஸ்ஸில் அது டிக்கியில் இருக்கும். இன்ஜினிலிருந்து அதுவரை ஒரு வாக்குவம் குழாய் ஓடும். அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி இறைக்கும், வண்டி கறுப்பாகப் புகையும். குழாயைப் புதிதாகப் போடுங்கள். ஆறு இரட்டை வெபர் கார்புரேட்டர் வரிசையாக நிற்பது கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் பன்னிரண்டு தொண்டையையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது தவம். முதல் வண்டியில் வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிவிட்டு, கிராங்க்கில் பற்சக்கரம் வைத்து, ஆறு இரட்டைக் காயில் போடுகிறவர்கள் இப்போது அதிகம். வி-யின் சூட்டிலிருந்து ஒரு சாமான் குறையும். எரியும் வரிசை இது: 1ஏ, 6பி, 5ஏ, 2பி, 3ஏ, 4பி, 6ஏ, 1பி, 2ஏ, 5பி, 4ஏ, 3பி. ஓட்டுநர் பார்வையில் வலப்பக்கம் ஏ, இடப்பக்கம் பி, எண்ணுவது முன்னாலிருந்து. ஒரே காயிலில் சேர வேண்டிய ஜோடியைக் கண்டுபிடிக்க, எந்தச் சிலிண்டரிலிருந்தும் ஆறு இடம் தள்ளி எண்ணுங்கள். 1ஏவுக்கு 6ஏ, 6பிக்கு 1பி, 5ஏவுக்கு 2ஏ, இப்படிப் போகும்.

இடையில் காகித வேலை

இதை வெல்டிங்குக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் கிட்டிலிருந்து கட்டிய வண்டி ஐவிஏ என்ற தனி வாகன ஒப்புதல் சோதனையைத் தாண்ட வேண்டும், பழைய சேஸியை வெட்டினால் வண்டிப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏவிடம் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் தனியாகக் கட்டிய வண்டிகளுக்குப் புகைச் சலுகை ஆண்டுக்கு 500 பேருக்குத்தான். நம்மூரில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சென்னையில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள் ரோட்டில் ஓட்டும் ஆசையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளவும்.

எட்டாம் படி: முதல் ஸ்டார்ட்

பக்கத்தில் தீயணைப்பான், ஒரு ஆள். பன்னிரண்டு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பையும் இக்னிஷனையும் துண்டித்து, பத்து பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் அழுத்த முள் எழும்வரை விடக் கூடாது. பிறகு பம்பை மட்டும் ஓடவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், துடைத்துவிட்டு மறுநாள் வாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்து பற்றிக்கொண்டால் சத்தம் ஏமாற்றும். உறுமாது, தையல் மெஷின் மாதிரி ஓடும். எங்கள் வண்டியில் நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் முள்ளையே பார்த்தோம். 85, 88, ஃபேன் ஓடியது, மறுபடி 85. பெருமையாக ஆஃப் செய்தோம். ஃபேனும் சேர்ந்து நின்றது. முள் 95க்கு ஏறியது, 100, 105. ஓடாத இன்ஜினில் சூடு ஏறுவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தோம். தண்ணீர் நின்றுவிட்டது, அலுமினியத்தில் தேங்கிய சூடு போக வழியில்லை. அன்று இரவே ஃபேனின் வயரைச் சாவியிலிருந்து பிரித்து, நேராகப் பேட்டரியிலிருந்து தெர்மோ சுவிட்ச், ரிலே வழியாக எடுத்தோம். நீங்கள் இதை முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

முதல் 50 மைல் ஓட்டியதும் ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் கால் சுற்று இறுக்குங்கள். மவுண்ட் போல்ட், ஷாஃப்ட் போல்ட் இரண்டையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள். ஆயில் பத்து லிட்டரை ஒட்டிப் பிடிக்கும், வடித்து மாற்றும்போது பெரிய தட்டாக வையுங்கள். நாங்கள் ஐந்து லிட்டர் தட்டு வைத்திருந்தோம்.